முதல் குரல்

நாரைகள் என்கிற கல்லூரிக் கால்பந்து அணி தோற்ற மறுநாள் ஓட்டர் க்ரீக் தேவாலயத்தில் பாட்டு எப்போதும் சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லிஸ் பாடவே இல்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்ற டார்லா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காரணம் தெரிந்தவள் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை.

மார்லிஸின் குரலை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசி இருக்கையில் எவனாவது எழுந்து நின்றால் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் பார்த்து, "உக்காரு" என்பாள். கத்துவதில்லை. ஆனாலும் எஞ்சின் இரைச்சலையும் நாற்பது பிள்ளைகளின் கூச்சலையும் துளைத்துக்கொண்டு போய் அந்தக் குரல் அவன் தோளைப் பிடித்து உட்கார்த்திவிடும். அப்படி உட்கார்ந்தவர்கள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளை அதே பேருந்தில் ஏற்றிவிட வரும்போதும், அவள் வாய் திறந்தால் சற்று நிமிர்ந்து நிற்பார்கள்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர், "கோல்பி கூசெராவுக்காக ஜெபிப்போம்" என்றார். எல்டன் கூசெராவும் ஆர்லீனும் உட்காரும் மூன்றாவது வரிசை காலியாக இருந்தது. அவர்களுடைய மகன் நாற்பது மைல் தள்ளி, வெல்டன் நகரத்து மருத்துவமனையில், வலது தோளைக் கட்டிப்போட்டுப் படுத்திருந்தான். மார்லிஸ் கண்களை மூடினாள். ஜெபத்தின் வார்த்தைகள் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. 'எல்டனிடம் எப்படிச் சொல்வது' என்கிற ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது.

தேவாலயம் விட்டதும் நேராக டார்லாவும் வெர்ஜிலும் வாழும் வீட்டின் கார் கொட்டகைக்குப் போவது முப்பது வருடப் பழக்கம். காரை வெளியே நிறுத்திவிட்டு, கதவை மேலே தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலிகளைப் போடுவார்கள். எதிரே சோளக்காடு. செப்டம்பர் பிறந்து ஒரு வாரம்தான். செடிகளின் அடியிலைகள் மட்டும் பழுக்கத் தொடங்கியிருந்தன. கொட்டகைச் சுவரில் ஒரு பச்சைப் பலகை. ஊரின் பழைய பள்ளிக் கட்டடத்தை மூடியபோது வெர்ஜில் ஏலத்தில் எடுத்தது. அதில் இடப்பக்கம் வரிசையாக ஆட்டத்தின் இடங்கள்: குவார்ட்டர்பேக், ஓடுகிறவர்கள், பிடிக்கிறவர்கள், முன்வரிசை, தடுப்பு, உதைப்பு, கடைசியில் பயிற்சியாளர். வலப்பக்கம் மதிப்பெண். பள்ளிக்கூடத்தைப் போலவே ஏ முதல் எஃப் வரை. மார்லிஸ், டார்லா, வெர்ஜில், எல்டன் நால்வரும் ஒத்துக்கொண்டால்தான் எழுதலாம். ஆட்டக்காரனின் பெயரைப் பலகையில் எழுதக் கூடாது. வாயாலும் சொல்லக் கூடாது. இடத்துக்குத்தான் மதிப்பெண், பிள்ளைக்கு இல்லை. அந்த விதியைக் கொண்டுவந்ததே எல்டன்தான். அப்போது கோல்பி பிறக்கவே இல்லை.

இந்த ஊர்க் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. எல்லாம் கையில் இருக்கிறது, அதிலும் குவார்ட்டர்பேக் என்கிற ஒருவனின் எறிகிற கையில்.

வெர்ஜில் சாம்பல் நிறச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு காபி ஊற்றினார். தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் நாரைகள் அணியின் நிறத்தில்தான் இருப்பார். முப்பது வருடம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஊரில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்று இப்போதும் சொல்வார்.

"இருபத்திநாலு இருபது," என்றார். "அதுவும் யார்கிட்ட? தெற்கு டகோட்டாலேர்ந்து வந்த பொடிப்பசங்ககிட்ட. நாமளே காசு குடுத்து, வாங்கப்பா, வந்து தோத்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டோம். பாவிங்க, காசையும் வாங்கிட்டு மானத்தையும் வாங்கிட்டுப் போயிட்டானுங்க."

"போதும், விடு," என்றாள் அவர் மனைவி டார்லா. "நேத்து கார்ல நாப்பது மைலும் இதையேதான் சொல்லிட்டு வந்த."

"ஒம்பது மாசம் காத்திருந்தேன்டி இந்த சீசனுக்கு. ரெண்டாவது ஆட்டத்துலயே முடிஞ்சுது. இனி கிறிஸ்துமஸ் வரைக்கும் என்ன பண்றது, உன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காரவா?"

"என் மூஞ்சிக்கு என்ன? நாப்பது வருஷமா அது ஒரு தடவைகூடப் பந்தை எதிராளி கையில எறியல."

வேறு நாளாயிருந்தால் மார்லிஸ் சிரித்திருப்பாள். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி சோளக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் அதையே நினைச்சுட்டு இருக்கியா?" என்றார் வெர்ஜில், குரலைத் தணித்து.

"அவன் கேட்டா என்ன சொல்றது?"

"யாரு, எல்டனா? இன்னைக்கு எங்க வரப்போறான்? மகன் ஆஸ்பத்திரில கெடக்கும்போது பலகைல மார்க் போட வருவானா?"

"இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாள் கேப்பான்."

"கேக்கட்டும். நாப்பதாயிரம் தொண்டை கத்துச்சு. அதுல எது முதல்னு எவன் கண்டான்? நீ வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

மார்லிஸுக்கு மட்டும் தெரியும், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த மைதானத்தில் அவள் குரலைத் தவிர வேறு குரலே இல்லை.

மூன்றாம் கால்பகுதி. ஃப்ளோரிடாவிலிருந்து இந்த வருடம் வந்து சேர்ந்த புதுக் குவார்ட்டர்பேக் மூன்றாவது முறையாகப் பந்தை எதிராளியின் கையில் எறிந்தான். கூட்டம் உறுமிவிட்டு அடங்கியது. அடங்கினால் அப்படி ஓர் அடக்கம். கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் சத்தம் கேட்டது. கீழே, எல்லைக்கோட்டின் அருகே, பதினேழாம் எண் சட்டையோடு மாற்றுக் குவார்ட்டர்பேக் கோல்பி நின்றிருந்தான். கையில் ஆட்டத் திட்டங்கள் எழுதிய ஒரு தாள் அட்டை. மூன்று வருடமாக அதே இடத்தில், அதே அட்டையோடு நிற்கிறான். இது நான்காவது வருடம், கடைசி வருடம். எதிர்ப்பக்கம், ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் உட்காரும் பகுதியில், எல்டனும் ஆர்லீனும் மூன்று வருடமாக மகன் நிற்பதைப் பார்க்க வருகிறார்கள். ஆடுவதை அல்ல, நிற்பதை. மகன் அணியில் சேர்ந்த அன்று எல்டன் தன் பழைய இருக்கையை, மார்லிஸுக்குப் பக்கத்து இருக்கையை, விட்டுவிட்டு அங்கே போனார். இப்போது அதில் ஒரு பல் மருத்துவர் உட்கார்ந்து ஆட்டம் முழுக்க ஃபோனைப் பார்க்கிறார்.

ஒருமுறையாவது அவன் ஆடுவதை அந்த இரண்டு பேரும் பார்க்கட்டுமே என்று மார்லிஸுக்குத் தோன்றியது. அவ்வளவுதான். எழுந்து, கைகளை வாய்க்குக் குவித்து, "பதி-னே-ழு!" என்றாள்.

அந்த அமைதியில் அது மைதானத்தின் மறுபக்கம் வரை போனது. இரண்டாவது முறை வெர்ஜிலும் டார்லாவும் சேர்ந்தார்கள். மூன்றாவது முறை வரிசை முழுதும். பிறகு பகுதி. பிறகு மேற்குப் பக்கம் முழுதும் காலால் தரைப்பலகையைத் தட்டிக்கொண்டு: பதி-னே-ழு, பதி-னே-ழு. பயிற்சியாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார். ஆறாவது நிமிடம் திரும்பி, கோல்பியைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். கோல்பி தலையசைத்து அட்டையைக் கீழே போட்டான்.

பந்து அவன் கைக்கு வந்து கீழே போகும்வரை ஒரு சுற்று என்றால், அன்று பதினோரு சுற்று ஆடினான். ஏழாவதில் ஒரு டச் டவுன், ஆறு புள்ளி. பதினோராவதில் எதிரணித் தடியன் ஒருவன் அவனைத் தூக்கி வலது தோள் தரையில் படும்படி அழுத்தினான். எழுந்திருக்கவில்லை. நாற்பதாயிரம் பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

வாசலில் சரளைக்கல் நொறுங்கியது. எல்டனின் பழைய நீல பிக்கப் வண்டி.

"கடவுளே," என்றாள் டார்லா.

எல்டன் இறங்கினார். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. கையில் அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டு. அதைக் கொண்டுவந்து மேசையில், டார்லா சில்லி, அதாவது பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பு, வைத்திருந்த பானைக்குப் பக்கத்தில் வைத்தார். சில்லிக்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவருவது ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் முறை.

"இந்த வாரம் என் முறை," என்றார்.

"அட, யாருய்யா உன்னைக் கேட்டா?" என்றார் வெர்ஜில். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மகன் எப்படி இருக்கான்?"

"நாளைக்குக் காலைல ஆபரேஷன். தகடு வெக்கணுமாம். எலும்பு ஒட்டிரும். தோள் மூட்டுதான்..." கையைத் தன் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டி நிறுத்தினார். "இதுக்கு மேல தூக்குவானான்னு தெரியாது. ஏற்கனவே கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு. ஆகஸ்ட்ல, பயிற்சில. எனக்கும் அவனுக்கும் டாக்டருக்கும் கோச்சுக்கும் மட்டும்தான் தெரியும். அக்டோபர் வரைக்கும் இறக்க மாட்டேன்னுதான் கோச் சொல்லியிருந்தாரு."

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்ககிட்டகூடச் சொல்லலியே," என்றாள் டார்லா.

"சொல்லிருக்கணும். ஊர்ல சொன்னா மைதானத்துல சொன்ன மாதிரின்னு பயந்தேன்." எல்டன் பலகையின் பக்கம் போய்ச் சாக்குக்கட்டியை எடுத்தார். "ஆரம்பிக்கலாமா?"

"எல்டன், இன்னைக்கு வேணாம்ப்பா."

"ஏன் வேணாம்? முப்பது வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விட்டிருக்கோமா? என் அம்மாவப் பொதைச்ச மறுநாள்கூட வந்தேன்." குவார்ட்டர்பேக் என்று எழுதியிருந்த இடத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார். "ஓடுகிறவர்கள். சொல்லுங்க."

"சி," என்றார் வெர்ஜில், ஒப்புக்கு.

"சி-யா? முதல் பாதில நூறு கஜம் ஓடுனானுங்க. பி மைனஸ்." எழுதினார். திரும்பாமலே கேட்டார்: "அது நம்ம பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சுது, இல்ல?"

வெளியே ஒரு வெட்டுக்கிளி தாவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"எது?" என்றார் வெர்ஜில்.

"அந்தக் கத்தல். எங்க பக்கத்துலேர்ந்து பாத்தா தெரியுதே, மேற்கால நடுவுலேர்ந்து கிளம்புச்சுன்னு. யாரு ஆரம்பிச்சா?"

"அது... நமக்குப் பின்னாடி காலேஜ் பசங்க ஒரு கும்பல் உக்காந்திருந்துச்சு. காலைலேர்ந்து குடி. அவனுங்கதான்."

எல்டன் டார்லாவைப் பார்த்தார். டார்லா கரண்டியால் சில்லியைக் கிளறினாள்.

பிறகு மார்லிஸைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. தூங்காத மனிதனின் கண்கள். ஆறு வயதில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் கணவன் விட்டுப்போன வருடம், கேட்காமலே வந்து அவள் வீட்டு வாசல் பனியை மார்ச் வரை தள்ளிவிட்டவர்.

"நீ சொல்லு மார்லிஸ். பசங்களா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வேறொன்று வந்தது.

"பின்னாடிலேர்ந்துதான் வந்துச்சு."

"ம்," என்றார் எல்டன். பலகைக்குத் திரும்பினார். "பிடிக்கிறவர்கள்."

பிடிக்கிறவர்களுக்கு சி போட்டார்கள். முன்வரிசையைப் பற்றிப் பேச்சு நீண்டது. இடது ஓரத்தில் நின்றவன் மூன்று முறை எதிராளிக்கு வழிவிட்டான் என்றார் எல்டன், பெயர் சொல்லாமல். அந்தப் பதினோராவது சுற்றில் வழிவிட்டவனும் அவன்தான். அதை எல்லோரும் அறிவார்கள். எல்டன் நீண்ட நேரம் சாக்குக்கட்டியைப் பலகையில் ஊன்றியபடி நின்றுவிட்டு, "டி ப்ளஸ்," என்று எழுதினார். "முதல் வருஷப் பையன். கத்துக்குவான்." அந்த 'ப்ளஸ்'ஸைப் பார்த்ததும் மார்லிஸுக்குத் தாங்கவில்லை. யாருக்கும் அநியாயமாக மதிப்பெண் போடாத கை அது. தன் மகன் தோளை உடைக்க வழிவிட்டவனுக்கும் ஒரு கூட்டல் குறி போடுகிற கை.

"நான்தான் எல்டன்," என்றாள்.

வெர்ஜில், "மார்லிஸ்" என்று தடுத்தார்.

"நான்தான் ஆரம்பிச்சேன். பசங்க இல்ல. பின்னாடி யாருமே இல்ல. நான்தான் எந்திரிச்சுக் கத்துனேன்."

எல்டன் சாக்குக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்தார். விரல்களைக் கால்சட்டையில் துடைத்தார்.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"நேத்து ராத்திரி கோல்பி சொன்னான். 'அப்பா, அது மிஸ் மார்லிஸ் குரல்'னு. பன்னெண்டு வருஷம் உன் பஸ்ல வந்தவன். அவனுக்குத் தெரியாதா? கோச் கூப்பிட்டு தோள் எப்படி இருக்குன்னு கேட்டிருக்காரு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டானாம். அந்தக் குரல் கூப்பிடும்போது நல்லா இல்லன்னு எப்படிப்பா சொல்றதுன்னு கேக்கறான். சிரிச்சுட்டே கேக்கறான். மருந்து மயக்கம்."

மார்லிஸ் எழுந்தாள். நாற்காலி பின்னால் மடங்கி விழுந்தது. "எல்டன், எனக்குத் தோள் விஷயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா கத்திருக்க மாட்ட. அது எனக்குத் தெரியாதா? அதுக்காகவா வந்தேன்? ஆர்லீன் கத்துனா. என் பக்கத்துலயே நின்னு, அழுதுகிட்டே கத்துனா. தோள் விஷயம் தெரிஞ்ச நானே கைய உயர்த்தி வேணாம்னு சொல்லல. வாய மூடிட்டு நின்னேன். உள்ளுக்குள்ள, கூப்பிடுடா, என் பிள்ளையக் கூப்பிடுடான்னுதான் இருந்துச்சு. கத்துனதுக்கு உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் கேட்ட?"

"நீ சொல்லுவேன்னு நினைச்சேன்." எல்டன் அவளைப் பார்க்காமல் சோளக்காட்டைப் பார்த்தார். "காலைல நாப்பது மைல் வண்டி ஓட்டிட்டு வரும்போது வழியெல்லாம் அதான் நினைச்சுட்டு வந்தேன். கேப்பேன், நீ உடனே சொல்லிருவ, சொன்னதும் நான் 'போடி பைத்தியம்'னு சொல்லணும். எனக்கு யாருகிட்டயாவது அதைச் சொல்லணும்போல இருந்துச்சு. நீ பின்னாடிலேர்ந்து வந்துச்சுன்னு சொன்ன."

"ஒரு நிமிஷம்தான் எல்டன். ஒரு நிமிஷம்தான் அந்தப் பொய்ய வெச்சிருந்தேன்."

"ஆமா. இப்ப சொல்லிட்ட. பரவால்ல." அந்த 'பரவால்ல'யில் ஒரு சூடும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. கதவை மூடுகிறவன் அடுத்த வீட்டுக்காரர் விழிக்கக் கூடாதென்று மெல்ல மூடுவது போல இருந்தது.

வெர்ஜில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "என் தப்புய்யா. நான்தான் அவளை வாய மூடிட்டு இருன்னு சொன்னேன்."

"உன்னை எனக்குத் தெரியாதாடா? நீ எப்பவும் பொய்தான் சொல்லுவ." எல்டன் கிட்டத்தட்டச் சிரித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு பிக்கப்பை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"அவன் உன்னைப் பாக்கணும்ங்கறான். நாலு மணிக்குப் போ. ஆர்லீனைத் தூங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். நானும் ஆறு மணி வரைக்கும் மாட்டுக்குத் தீவனம் வெச்சுட்டு இருப்பேன். அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

தட்டின் மேல் அலுமினியத் தாள் அப்படியே இருந்தது. அன்று யாரும் அதைப் பிரிக்கவில்லை.

மார்லிஸ் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் மாடி. கோல்பி படுக்கையைச் சாய்வாக உயர்த்தி உட்கார்ந்திருந்தான். வலது கை உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இருபத்திரண்டு வயது. தாடையில் நேற்றைய புல் உராய்ந்த சிராய்ப்பு. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதற்கு அவள் தயாராக வரவில்லை.

"மிஸ் மார்லிஸ்! வாங்க, வாங்க. எந்திரிச்சு நிக்கல, திட்டாதீங்க."

"உக்காரு," என்றாள். அவளையறியாமல் வந்துவிட்டது. இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "கோல்பி, நான் கத்தியிருக்கக் கூடாது."

"கத்தலன்னா? நவம்பர் வரைக்கும் அட்டையப் பிடிச்சுட்டு நின்னிருப்பேன். அப்புறம் பட்டம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நாலு வருஷம் என்ன பண்ணேன்னு கேட்டா, நின்னேன்னு சொல்லியிருப்பேன்." தண்ணீர்க் குவளையை இடது கையால் எடுக்கப் பார்த்தான். நழுவியது. அவள் எடுத்துக் கொடுத்தாள். "அந்த ஏழாவது சுத்து பாத்தீங்கல்ல? டச் டவுன்? எங்கேர்ந்து பாத்தீங்க, நல்லாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"அதுல முதல்ல இடது பக்கம்தான் பாத்தேன். அங்க ஆளு மூடியிருந்தான்..."

சொல்ல ஆரம்பித்தான். முதல் சுற்றிலிருந்து. இடது கையால் போர்வையின் மேல் கோடுகள் போட்டுக் காட்டினான்: இவன் இங்கே ஓடினான், அவன் அங்கே திரும்பினான், நான் இப்படி ஒரு அடி பின்னால் வைத்தேன். பதினோரு சுற்றுகள். மைதானத்தில் அவை எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அவன் சொல்லி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. ஒவ்வொன்றிலும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட அவனுக்கு நினைவிருந்தது. பத்தாவதை முடித்து, பதினோராவதில் தயங்கி, "அது உங்களுக்கே தெரியும்" என்று விட்டுவிட்டான்.

"பலகைல எனக்கு என்ன போட்டீங்க?" என்றான். "பேரு சொல்ல வேணாம். அந்த இடத்துக்கு."

"அந்த வரி இன்னும் காலியாத்தான் இருக்கு."

"அப்பா போட மாட்டாரு. போட்டா பி போடுவாரு. ஏ எல்லாம் வாய்ப்பே இல்ல." ஜன்னலைப் பார்த்தான். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முகத்திலிருந்த சிறுபிள்ளைக் களை மெல்ல வடிந்தது. "பரவால்ல. மாட்டுக்குத் தீவனம் வெக்க ஒரு கை போதும், இல்ல?"

அது நகைச்சுவையாகச் சொல்லப்பட்டது. இருவரும் சிரிக்கவில்லை. மார்லிஸ் அவன் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் அவன் விரல்கள் அவள் விரல்களைக் கெட்டியாகப் பிடித்தன. நாளைக் காலை ஆபரேஷனை நினைத்து அவன் பயப்படுகிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இருங்க, போகாதீங்க," என்றான். "அப்பா வந்துருவாரு. கீழ கேன்டீன்ல சூப் நல்லா இருக்காம். மூணு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். நீங்க ரெண்டு பேரும் இருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்."

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில், கடைசி வரிசையில், அந்த நீல பிக்கப் நின்றிருந்தது. மணி ஐந்தரைகூட ஆகவில்லை. எஞ்சின் ஓடவில்லை. கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே எல்டன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நேர் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுடைய கார் அவர் வண்டிக்கு நேர் எதிரே நின்றது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அவர் இறங்கி வருவார் என்று சற்று நேரம் நின்று பார்த்தாள். ஒரு செவிலி தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு குடும்பம் பலூன்களோடு உள்ளே வந்தது. எல்டன் அசையவில்லை.

மார்லிஸ் நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்தாள்.

"ஏன், கிளம்பிட்டீங்களா? அப்பா இப்ப வந்துருவாரு மிஸ் மார்லிஸ். இன்னும் ஒரு பத்து நிமிஷம்..."

"உங்கப்பா வந்துட்டாரு கண்ணு," என்றாள் மார்லிஸ், போர்வையின் ஓரத்தை இழுத்து அவன் காலை மூடியபடி. "கீழதான் இருக்காரு. நான் போனதும் மேல வருவாரு."